வாட்டர் பேப்பரும் பொலிஷும்: வன்னியில் கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில், தகரக் கொட்டகையின் கீழ் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் எல்லோரும் இருக்கிற காரையே புதுக்காராக்கப் பார்த்தார்கள். அப்போது தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ஒரே விடையைத் தேநீர்க் கோப்பையும் கையுமாக நாளுக்கு நான்கு முறை சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

பெயின்டைத் தேய்த்தால் மங்கத்தானே வேண்டும்? எப்படிப் பளபளக்கிறது?

இரணைமடுக் குளத்தை விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன் பார்த்திருப்பீர்கள். கரையில் நிற்கும் மரம் தண்ணீருக்குள் தலைகீழாக, கிளை கிளையாகத் தெரியும். பத்து மணிக்குக் காற்று வந்தால் அதே மரம் பச்சைக் கலங்கலாகிவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான், முகம்தான் கலைந்துவிட்டது. பெயின்டும் அப்படித்தான். புதிதாக அடித்த பெயின்டில்கூட நுண்ணிய மேடுபள்ளம் இருக்கும். அதில் விழும் வெளிச்சம் சிதறும். டியூப் லைட்டின் நிழலைப் பொனட்டில் பாருங்கள்: விளிம்பு நேராக நின்றால் பரப்பு மட்டம், நெளிந்தால் மேடுபள்ளம்.

வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் அரத்தாள், அந்த மேடுகளைச் சீவி மட்டமாக்குகிறது. அது விட்டுப்போகும் கீறல்களை அதைவிட நயமான பேப்பர் எடுக்கிறது. அதன் கீறல்களை இன்னும் நயமானது எடுக்கிறது. கடைசியில் மிஞ்சும் கீறல் கண்ணுக்கு வெறும் புகைபோலத் தெரியும். அதைக் கொம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையும், மெஷினில் சுழலும் பஃப் என்ற மெத்தையும் துடைத்துவிடும். பெரிய கீறலைச் சிறிய கீறலாக மாற்றிக்கொண்டே போவதுதான் இந்த வேலை முழுவதும்.

தண்ணீர் எதற்கு என்றால், அது வழுக்கல் தருகிறது, சூட்டைத் தணிக்கிறது, தேய்ந்து வரும் பெயின்ட் தூளை அள்ளிக்கொண்டு போகிறது. உலர்வாகத் தேய்த்தால் தூள் பேப்பரில் அப்பிக் கட்டியாகி, அந்தக் கட்டியே பெயின்டை உழுதுவிடும். தண்ணீரில் நைந்துபோகாத அரத்தாள் 1921ஆம் ஆண்டில்தான் வந்தது. பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடித்ததை அமெரிக்காவின் திரீஎம் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கார்ப் பெயின்டை உலர்வாகவே தேய்த்து, அந்தத் தூளைத்தான் வேலையாட்கள் சுவாசித்தார்கள். அக்காலப் பெயின்டில் ஈயமும் இருந்தது.

என் காருக்கு இது அவசியமா?

பெரும்பாலும் இல்லை. வேலையைத் தேடி இருப்பவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான்.

எங்கள் பக்கத்துக் கார்களுக்கு வருகிற நோய் ஒன்றே ஒன்று: பற்றைக் கீறல். வயலுக்கும் தோட்டத்துக்கும் போகும் ஒழுங்கைகளில் சூரை முள்ளும் காரை முள்ளும் ஈச்சம் பற்றையும் இரண்டு பக்கமும் கதவை உரசும். கதவின் நடுவில், முன்னிருந்து பின்னாக, தலைமயிர் போன்ற கோடுகள். அவற்றில் முக்கால்வாசி பேப்பரே இல்லாமல் கொம்பவுண்டுக்குப் போய்விடும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கீறலின்மேல் தண்ணீரைத் தடவுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் அது மேல்தோலில்தான் இருக்கிறது, பொலிஷ் போதும். ஈரத்திலும் மங்கலாகத் தெரிந்தால் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடக்காமல் ஓடினால் நயமான பேப்பரும் பொலிஷும் உதவும். நகம் தடக்கி நின்றால் கீறல் ஆழம், அதைத் தேய்த்து எடுக்க முனைந்தால் சுற்றியுள்ள நல்ல பெயின்டையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். அது கிணற்றைத் தூர்க்க வளவு முழுவதையும் வெட்டுவது போன்றது. உள்ளே சாம்பல் நிறமோ தகரமோ தெரிந்தால் பேப்பரைத் தொடவே வேண்டாம், அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் வையுங்கள்.

தேய்க்கத்தான் வேண்டிய இடங்கள் மூன்று: புதிதாக அடித்த பெயின்டில் தோடம்பழத் தோல் போல் புள்ளி புள்ளியாக இருப்பது, பெயின்ட் ஈரமாக இருந்தபோது விழுந்த தூசும் பூச்சியும், வடிந்து உறைந்த பெயின்ட்.

காரில் எவ்வளவு பெயின்ட்தான் இருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், பிறைமர் முதல் கிளியர் வரை எல்லாப் படைகளும் சேர்ந்து, பொதுவாக 100 முதல் 150 மைக்குரோன். ஒரு மைக்குரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்குரோன். ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. அதற்குள்தான் உங்கள் விளையாட்டு முழுவதும்.

கிளியருக்குள் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. கிளியர் மெலிய மெலிய அந்தக் காவலும் மெலியும். காரின் ஆயுள் முழுவதற்கும் எட்டு மைக்குரோனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஆண்டுக்கொரு முறை, புத்தாண்டுக்கொரு முறை என்று பொலிஷ் அடிக்கும் கார்களின் கூரையில் ஏழெட்டு ஆண்டுகளில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் போலக் கிளம்புவதைக் கண்டிருப்பீர்கள். அது கிளியர் இறந்ததன் அடையாளம். எந்தப் பொலிஷும் அதைத் திருப்பித் தராது.

தடிப்பை அளக்கும் கருவி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். விபத்துக்குள்ளாகி மறுபடி அடித்த வாகனமா என்பதையும் அது காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்த இடத்தில் எண் பல நூறுக்குத் தாவும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது. அங்கே கைதான் கருவி.

அப்பாவின் பழைய மொறிஸ் மைனர் இருக்கிறது. அதற்கும் கிளியர் உண்டா?

பழைய பெயின்டே அப்படியே இருந்தால் இருக்காது. அக்காலக் கார்களில் நிறமும் மினுக்கமும் ஒரே படையில். ஈரத்துணியில் சிறிது கொம்பவுண்டைத் தொட்டு, மறைவான ஓரிடத்தில் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் ஒற்றைப் படை, ஏறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது.

தொண்ணூறுகளில், பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடி எங்கள் ஊர்களைத் தாங்கிய கார்கள் இவை. பல கார்களில் கிடைத்த பெயின்டைக் கிடைத்த தூரிகையால் பூசியிருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு நிறம் இருக்கும். ஒரு மட்காட்டைத் தேய்த்தபோது பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே கறுப்பு என்று வந்துகொண்டே இருந்தது. உரிமையாளரான பெரியவர் பக்கத்தில் வாங்கில் இருந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இடப்பெயர்வைச் சொன்னார். அந்தக் காரை அதற்குமேல் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதுப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், கழுவிய தண்ணீரைக் கிணற்றடிப் பக்கம் ஓடவிடாதீர்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

வாட்டர் பேப்பரில் 1500, 2000, 2500 அல்லது 3000. தோடம்பழத் தோல் மிக மோசமாக இருந்தால் மட்டும் 1000 அல்லது 1200. பேப்பரின் முதுகில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில ‘பி’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐரோப்பிய அளவுமுறை. பி போடாத பழைய அமெரிக்க அளவில் 600 என்பது ஏறத்தாழ பி 1200க்குச் சமம். இரண்டையும் கலந்து வாங்கினால் எண்ணை நம்பி ஏமாறுவீர்கள். பி 1000 தாளில் மணியின் பருமன் சராசரி 18 மைக்குரோன், பி 2000 தாளில் 10. எண் கூடக் கூட மணி சிறிது.

தேய்க்கும் கட்டை ஒன்று கட்டாயம். கடினமான இறப்பர் கட்டை தட்டையான இடத்துக்கு, மெத்தென்ற ஸ்பொஞ் கட்டை வளைவுக்கு. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகவும் விரலிடுக்கு மேடாகவும் நான்கு வரி விழும். அப்போது தெரியாது. பொலிஷ் ஏறிய பிறகு வெயிலில் நிறுத்தினால் உழவுசால் போலத் தெரியும்.

இரண்டு வாளி, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, தண்ணீரை வழிக்க ஓர் இறப்பர் வழிப்பான், மாஸ்கிங் டேப், நல்ல மைக்குரோபைபர் துணி. பழைய துவாய் வேண்டாம். பழைய துவாயில் வீட்டின் எல்லா மணலும் இருக்கும்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீர் சரிவருமா?

தேய்ப்பதற்குச் சரி. ஆனால் காயவிடக் கூடாது. எங்கள் பக்கத்துக் குழாய்க்கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூடுதல், கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். அந்தத் தண்ணீர் பொனட்டில் வெயிலோடு காய்ந்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வளையமாகக் குந்திவிடும். பாதி வேலையில் சாப்பிடப் போகிறவர்கள் முதலில் வழித்துத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். வளையம் விழுந்தேவிட்டால் வினாகிரியைச் சமபங்கு தண்ணீரில் கலந்து துணியால் ஒற்றி, உடனே கழுவுங்கள். இரும்புக்காவி வரும் கிணறு என்றால் தண்ணீரை இரவு முழுவதும் வாளியில் ஊறவிட்டு மேலாக வார்த்தெடுங்கள், மண்டி அடியில் நிற்கும்.

புதிதாகப் பெயின்ட் அடித்து எத்தனை நாளில் தேய்க்கலாம்?

கடினமாக்கி கலந்து அடிக்கும் கிளியர் என்றால் எங்கள் வெப்பத்தில் பொதுவாக ஒன்று இரண்டு நாள். பெயின்ட் டின்னில் எழுதியிருப்பதுதான் கடைசிச் சொல். நகத்தால் மறைவான மூலையில் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. காயாத பெயின்டைத் தேய்த்தால் பேப்பரில் பசைபோல் ஒட்டும். அதையும் மீறிப் பொலிஷ் ஏற்றினால், ஒரு மாதத்தில் தின்னர் முழுவதும் வெளியேறிப் பெயின்ட் சுருங்கும்போது நீங்கள் தேய்த்த கீறலெல்லாம் மறுபடி எழுந்து வரும். மாதக்கணக்கில் விட்டுவிட்டாலும் கிளியர் கல்லாகிக் கை ஓயும்.

தின்னர் காய்வதால் மட்டும் இறுகும் பழைய வகை லாக்கர் பெயின்டுக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். வாக்ஸ் எதுவானாலும் புதிய பெயின்டுக்கு ஒரு மாதமாவது பூசாதீர்கள். அது மூச்சுவிடட்டும்.

சரி, எப்படித் தேய்ப்பது? கையோடு சொல்லுங்கள்.

முதலில் காரைக் கழுவுவது. கழுவியாயிற்று என்று சொல்வார்கள், ஆனால் பொனட்டின் விளிம்பிடுக்கிலும் வைப்பருக்குக் கீழும் செம்மண் இருக்கும். கிரவல் வீதியில் ஓடும் வாகனத்தில் அந்த மண் எங்கேயும் ஒளிந்திருக்கும். ஒரு மணல்மணி பேப்பருக்கடியில் போனால் 2000 தாள் 80 தாளாகிவிடும். சுத்தமான துணியால் துடைத்து, துணியை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் மறுபடி கழுவுங்கள்.

பேப்பரைத் தேவையான அளவுக்குக் கிழித்து, கால் மணி முதல் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊறாத தாளின் மூலை விறைத்து நின்று கீறும். ஊறியதும் வாழை இலைபோல் கட்டையில் மடங்கி இருக்கும். காரின் எல்லா விளிம்புக்கும், கதவின் நடுவில் ஓடும் மடிப்புக்கோட்டுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லியது, ஈரமாக இருக்கும்போதே அங்கிருந்து விலகி ஓடிவிடுகிறது. பேப்பரோ அங்கேதான் அதிகம் அழுத்தும்.

ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம் எடுங்கள். அதற்குமேல் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். கட்டையைப் படுக்கையாக வைத்து, நேர்கோட்டில், கையின் பாரம் மட்டும் விழும்படி தேயுங்கள். வட்டமாக வேண்டாம். தொடக்கத்தில் ‘சர் சர்’ என்று ஓர் ஓசை கேட்கும், கட்டை சிறிது பிடித்துப் பிடித்து நகரும். அது மேடுகளை மட்டும் தொடுவதன் அடையாளம். மேடு இறங்க இறங்க ஓசை அடங்கும், கட்டை வழுக்கத் தொடங்கும். கை அதை உணரும். காதையும் கையையும் நம்புங்கள், ஈரத்தில் கண் பொய் சொல்லும்.

எட்டுப் பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, இறப்பர் வழிப்பானால் தண்ணீரை ஒரே வீச்சில் வழித்துப் பாருங்கள். தேய்ந்த மேடு மங்கலாகவும் தொடாத பள்ளம் மினுக்கமாகவும் தெரியும். அம்மைத் தழும்பு போல மினுக்கப் புள்ளிகள் இருந்தால் தோடம்பழத் தோல் இன்னும் இருக்கிறது. புள்ளிகள் சிறுத்து, ஏறத்தாழ எல்லாம் ஒரே மங்கலானதும் நிறுத்துங்கள். ஏறத்தாழ என்றுதான் சொன்னேன். கடைசிப் புள்ளி வரை துரத்துகிறவர்தான் கிளியரைத் துளைப்பவர்.

அடுத்த தாளுக்குப் போகும்போது தண்ணீரை மாற்றுங்கள், கட்டையைக் கழுவுங்கள், திசையையும் மாற்றுங்கள். 1500ஐ முன்பின்னாகத் தேய்த்திருந்தால் 2000ஐக் குறுக்காக. அப்போது பழைய கீறல் ஒன்றுகூட மிஞ்சினால் குறுக்குக்கோடாகக் காட்டிக்கொடுக்கும். 3000 முடியும்போது ஈயப் பாத்திரத்தின் உட்புறம் போல ஒரு மங்கிய மினுக்கம் வரும். இனி மெஷின்.

பேப்பர் நிலத்தில் விழுந்தால் எடுக்காதீர்கள். விலை போனால் போகட்டும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

வழியும் தண்ணீரைப் பாருங்கள். கிளியர் தேயும்போது அது பால்போல் வெள்ளையாக வரும். காரின் நிறம் ஒரு துளி கலந்து வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். கிளியர் முடிந்து நிறத்தைத் தொட்டுவிட்டீர்கள். வெள்ளைக் காரில் இந்தக் காவலும் இல்லை, பாலும் வெள்ளை, பெயின்டும் வெள்ளை. ஆகவே வெள்ளைக் காரில் நான் இழுப்பை எண்ணித்தான் தேய்க்கிறேன். மினுக்கத் துகள் கலந்த நிறங்களில் நிறப்படையைத் தொட்டால் துகள் கலைந்து நிழல் விழும், பொலிஷால் மறைக்கவே முடியாது.

நானும் துளைத்திருக்கிறேன். தொழில் பழகிய இரண்டாம் ஆண்டு, ஒரு நீல நிற வான் வண்டியின் பின்கதவு மடிப்பில் டேப் ஒட்டச் சோம்பல்பட்டேன். பேப்பரில் ஒன்றும் நடக்கவில்லை, கம்பளி பஃப் அந்த மடிப்பில் ஒரு கணம் நின்றது. நகக்கண் அளவில் ஒரு சாம்பல் பொட்டு. அந்தப் பொட்டுக்காகக் கதவு முழுவதும் மறுபடி அடித்தேன், என் செலவில். டேப்பின் விலை நினைவில்லை. கதவின் விலை நினைவிருக்கிறது.

பெயின்ட் வடிந்து கண்ணீர்த்துளி போல நிற்கிறது. அதையும் பேப்பரால் எடுக்கலாமா?

நேரடியாகத் தேய்த்தால் துளியைவிடச் சுற்றியிருப்பது முதலில் தேயும். துளியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, புதிய சவர அலகை நிமிர்த்திப் பிடித்து, துளியின் தலையை மட்டும் சுரண்டியெடுங்கள். அலகின் இரு முனைகளிலும் சிறு டேப் சுற்றினால் முனை குத்தாது. டேப்பின் மட்டத்துக்கு வந்ததும் டேப்பை உரித்து, கடினக் கட்டையில் 1500 வைத்து மெதுவாக இறக்குங்கள். துளி தடித்த இடம், உள்ளே காய நாளெடுக்கும். ஒரு வாரம் கூடப் பொறுங்கள்.

பொலிஷ் மெஷின் இல்லாமல் முடியுமா? துளைபோடும் மெஷினில் பஃப் மாட்டலாமா?

கையாலும் முடியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது ஒரு பொனட் முழுவதையும் கையால் கொம்பவுண்ட் போட்டு முடித்திருக்கிறேன். இரண்டு நாள் கரண்டி பிடிக்க முடியவில்லை. 3000 வரை நயமாக இறக்கியிருந்தால் மட்டுமே கை போதும். 1500இன் கீறலைக் கை எடுக்காது.

துளைபோடும் மெஷின் வேண்டாம். வேகம் கட்டுக்குள் நிற்காது, பஃப் கோணலாக ஆடும், ஓரம் மட்டும் கடிக்கும்.

மெஷின்கள் இரண்டு வகை. ஒரே அச்சில் சுழல்வது வேகமாக வெட்டும், வேகமாக எரிக்கும். சுழன்றுகொண்டே ஆடுவது மெதுவாக வெட்டும், மன்னிக்கும். வீட்டில் செய்பவர் இரண்டாவதை வாங்குங்கள். முதலாவதைப் பிடிப்பவர் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குள் நிற்க வேண்டும். முதலில் கம்பளி பஃப்பும் வெட்டும் கொம்பவுண்டும், பிறகு ஸ்பொஞ் பஃப்பும் நயமான பொலிஷும். கொம்பவுண்ட் கச்சான் அளவில் நாலைந்து பொட்டுப் போதும். மெஷினை ஓட்டுவதற்கு முன் அதைப் பஃப்பால் தொட்டுத் தொட்டுப் பரப்புங்கள், இல்லாவிட்டால் கொட்டகைச் சுவரெல்லாம் கோலம். பஃப்பைப் படுக்கையாக வைத்து நகர்த்திக்கொண்டே இருங்கள். இடையிடையே புறங்கையால் பொனட்டைத் தொடுங்கள்: இளஞ்சூடு சரி, கையை எடுக்கச் சொன்னால் நீங்களும் மெஷினை எடுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் கவனம். தகரம் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும்.

பொலிஷ் அடித்த அன்று கண்ணாடி போல இருந்தது. இரண்டு வாரத்தில் வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது. ஏன்?

கோடு போகவே இல்லை. சில கொம்பவுண்டுகளில் எண்ணெயும் நிரப்பியும் கலந்திருக்கும், அவை கீறலை நிரப்பி மறைக்கும். இரண்டு முறை கழுவியதும் நிரப்பி போகும், கோடு வரும். வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைத் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, வெயிலில் நிறுத்திப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். கொட்டகை நிழலில் எல்லாக் காரும் அழகுதான். சொல்லக் கூடாத தொழில் இரகசியம் என்று சக தொழிலாளிகள் கோபிக்கலாம்.

இங்கே அடிக்கும் பெயின்டில் மட்டும் ஏன் இவ்வளவு தோடம்பழத் தோல்?

வெப்பம். பெயின்ட் துளி துளியாக வந்து விழுந்து, ஒன்றோடொன்று கலந்து மட்டமாவதற்குச் சிறிது நேரம் வேண்டும். சித்திரை வெயிலில் தகரம் சுடும்போது துளி விழுந்த இடத்திலேயே உறைந்துவிடுகிறது. மெதுவாகக் காயும் தின்னரைக் கேட்டு வாங்க வேண்டும். குளிர்நாட்டுக்கானதை வாங்கிவந்து இங்கே அடித்தால் தோடம்பழம்தான் விளையும். பெயின்ட் தெளிக்கும் கன்னில் காற்றழுத்தம் குறைந்தாலும், பெயின்ட் தடித்தாலும் இதே விளைவு.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அடிப்பது என் வழக்கம். தகரம் குளிர்ந்திருக்கும், புழுதி படுத்திருக்கும். சோளகம் வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு கன்னைத் தொடுவதில்லை. சிறுபோக அறுவடையும் அதே காலத்தில் வரும், வீதியோரம் நெல் காயப்போட்டிருப்பார்கள், சுணை காற்றில் பறக்கும். மாரியில் வேறு தொல்லை: ஈரக்காற்றில் லாக்கர் பெயின்ட் பால்பூத்தது போல வெளிறிவிடும். முன்னிரவில் விளக்கைப் போட்டு அடித்தால் ஈசல் வந்து பொனட்டில் மொய்க்கும். நாலு ஈசல் உறைந்த கிளியரை 2000 தாளால் எடுத்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

கடினமாக்கி கலந்த பெயின்டை அடிக்கும்போது துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழாயைக் கெடுத்து இழுப்பைக் கொண்டுவரும். ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடிக்க வேண்டும்.

பற்பசை, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய்?

பற்பசை பல்லுக்கு. சிறு கீறலைச் சற்று மங்கச் செய்யும், அவ்வளவே. தேங்காயெண்ணெய் பூசினால் ஒரு பகல் மினுங்கும், மாலையில் பரந்தன் வரை போய்வந்தால் வீதிப் புழுதி முழுவதும் உங்கள் காரில். மண்ணெண்ணெய், ஒட்டிய வீதித் தாரை எடுக்கும். எடுத்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.

முகப்பு விளக்கு மஞ்சளாகிவிட்டது. அதையும் இப்படித் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். 1000இல் தொடங்கி 3000 வரை, பிறகு பொலிஷ். ஆனால் விளக்கின் மேலிருந்த புறஊதாக் காப்பையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். உடனே கிளியரோ அதற்கான பூச்சோ போடாவிட்டால் மஞ்சள் சில மாதங்களில் திரும்பிவிடும்.

முறிகண்டியில் நிறுத்திப் பூசிய திருநீறும் சந்தனமும் பொனட்டில் தடமாகிவிட்டன. என்ன செய்யலாம்?

கண்டி வீதியால் போகிறவர் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்காமல் போவதில்லை, நானும் அப்படித்தான். தவறு பூசுவதில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, காய்ந்த திருநீற்றை வெறுந்துணியால் ஒரே இழுப்பாகத் துடைப்பார்கள். திருநீற்றோடு ஆறேழு மைல் வீதிப் புழுதியும் சேர்ந்திருக்கிறது. அதுதான் அந்த மூன்று குறிக்கும் மேலாக விழுந்த விசிறிக் கீறல். தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, ஓடவிட்டுக் கழுவுங்கள். குங்குமமும் மஞ்சளும் வெள்ளைக் காரில் சாயம் ஏற்றும், அன்றைக்கே கழுவினால் போகும். தேசிக்காய்ச் சாறும் தேங்காய்த் தண்ணீரும் தெறித்திருந்தால் வெயிலில் காயவிடாதீர்கள். தடம் ஏற்கெனவே விழுந்திருந்தால் நயமான பொலிஷ் முதலில். பேப்பர் வேண்டாம். எனக்கு வந்தவற்றில் ஒன்றுக்குக்கூடப் பேப்பர் தேவைப்படவில்லை.

பொலிஷ் அடித்த பிறகு மயில் வந்து கதவைக் கொத்துகிறது. உண்மையாகவே கேட்கிறேன்.

உண்மையாகவே பதில் சொல்கிறேன், இதை முதலில் கேட்டவரை நானும் நம்பவில்லை. முத்தையன்கட்டுப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்தார். கருநீலக் கார், நானே 3000 வரை இறக்கிப் பொலிஷ் போட்டது. ஓட்டுநர் பக்கக் கதவில், முழங்கால் உயரத்தில், இருபது முப்பது குத்துக் கீறல்கள். ஆண்மயில் கதவில் தன் உருவத்தைப் பார்த்து, வேறொரு மயில் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று சண்டைக்குப் போகிறது. மங்கிய கதவாக இருந்த காலத்தில் அதற்கு எதிரி இல்லை. நான் எதிரியைச் செய்து கொடுத்துவிட்டேன்.

குத்துக் கீறல்களில் பாதி பொலிஷுக்குப் போயின. மூன்று நான்கு தகரம் வரை போயிருந்தன, தூரிகை முனையால் நிறம் வைத்து, காய்ந்ததும் 2500ஆல் மட்டமாக்கினேன். மயிலுக்கு மருந்து கதவை மறைப்பதுதான். அவர் இப்போது இரவிலும் காலையிலும் கதவில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிடுகிறார். சேலைக்கும் கதவுக்கும் இடையில் புழுதி புகுந்தால் அதுவே தேய்க்கும் என்பதால், நாள்தோறும் உதறிக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மயில் இப்போது பக்கத்து வளவில் நிற்கும் காரைப் பார்க்கத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. அந்த வீட்டுக்காரர் இன்னும் என்னிடம் வரவில்லை.